உமெபோஷியும் ஒரு கரி இன்ஜினும்: ஜப்பானில் பத்து நாள்

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. முழங்காலில் இன்னும் தைல வாசனை போகவில்லை. அங்கே ராத்திரி படுக்கும்முன் போனில் குறித்து வைத்ததைத்தான் நாள்வாரியாகப் போடுகிறேன். விசா, விமான டிக்கெட் பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். எல்லாம் தங்கச்சி மகன் பார்த்துக்கொண்டான். டோக்கியோவில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறான். "மாமா, அத்தையைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை வாங்க" என்று அந்த ஆறு வருஷமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

போகிறோம் என்றதும் புதுக்கோட்டையில் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அங்க அந்த ரயில் இன்ஜினைக் கொண்டுவந்து வச்சிருக்கானாம்ல. முடிஞ்சா பாத்துட்டு வா." அது கடைசி நாள் கதை. அங்கே வரும்போது சொல்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி: நிஷி-கசாய்

நரிட்டாவில் இறங்கியபோது கொடைக்கானல் குளிர். மாப்பிள்ளை வீடு இருக்கும் நிஷி-கசாய் டோக்கியோவின் கிழக்கு ஓரம், எதோகவா வட்டாரம். 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதியைக் குழப்பிவிடும் என்று பயந்த ஒய்2கே சிக்கலைச் சரிசெய்ய வந்த நம் ஊர் கம்ப்யூட்டர்காரர்கள் இங்கே வீடு பிடிக்க ஆரம்பித்து, அப்படியே கூட்டம் பெருகிவிட்டது. ஸ்டேஷன் வாசலைத் தாண்டுவதற்குள் "ஏய், கருவேப்பிலை மறந்துட்டியா" என்று ஒரு குரல் காதில் விழுந்தது. மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

வீட்டு ஃப்ரிட்ஜில் ஜப்பானிய எழுத்து அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. எழுத்துகளுக்குக் கீழே அவன் கையாலேயே தமிழில் குறித்திருந்தான். முதல் வரிசை அ, இ, உ, எ, ஒ. அடுத்தடுத்த வரிசைகளின் தலை எழுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. வாய்விட்டுப் படித்த மனைவி, "என்னங்க இது, நம்ம அரிச்சுவடி மாதிரியே இருக்கு" என்றாள். இருக்கத்தான் செய்யும். புத்த மந்திரங்களுக்காக சம்ஸ்கிருத எழுத்தைப் படித்த ஜப்பானியத் துறவிகள் அந்த வரிசையிலேயே தங்கள் எழுத்தையும் அடுக்கிக்கொண்டார்கள். 'ஹ' நிற்கிற இடத்தில் பழைய காலத்தில் 'ப' ஒலி இருந்தது. அதைப் போட்டுச் சொல்லிப் பாருங்கள்.

தமிழும் ஜப்பானியமும் உறவுமொழிகள் என்று சுசுமு ஓனோ என்ற பேராசிரியர் எழுதியது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை, நான் அந்த வம்புக்குப் போகவில்லை. ஆனால் வாக்கிய அடுக்கு நம்முடையதேதான். வினை கடைசியில் வரும், கேள்வி என்றால் அதற்கும் கடைசியில் ஒரு 'க' ஒட்டிக்கொள்ளும், நாம் 'ஆ' போடுகிற மாதிரி. "இங்கிலீஷ்ல யோசிச்சா மூளை கழண்டுரும் மாமா. தமிழ்ல யோசிச்சுட்டு வார்த்தையை மட்டும் மாத்திப் போட்டாப் போதும்" என்றான்.

இன்னொரு பாடமும் நடந்தது. இங்கே யாரும் 'முடியாது' என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்களாம். 'சொத்தோ…' என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். 'கொஞ்சம்…' என்று அர்த்தம். மீதியை எதிராளிதான் புரிந்துகொள்ள வேண்டும். "நம்ம ஊர்ல 'பார்க்கலாம்'னு சொல்ற மாதிரியா?" என்றேன். "அதேதான். ஆனா நம்மாளு பார்க்கலாம்னா சில நேரம் நெசமாவே பார்ப்பான்."

நவம்பர் 16, சனி: அசகுசா

சென்சோ-ஜி கோயில். 628-ல் சுமிதா ஆற்றில் மீன்பிடித்த அண்ணன் தம்பி இருவர் வலையில் கன்னோன் சிலை சிக்கியது என்பது தலபுராணம். கன்னோன் என்பது நம் அவலோகிதேஸ்வரர்தான். சீனா வழியாக வருவதற்குள் பெண் சாயல் வந்துவிட்டது. பார்க்க ஆயிரம் வருஷக் கட்டடம் போலத் தெரிகிற பெரிய மண்டபம் 1958-ல் கான்கிரீட்டில் கட்டியது. பழையது 1945 மார்ச் 10 ராத்திரி அமெரிக்க விமானங்கள் போட்ட தீக்குண்டில் எரிந்துபோனது. அந்த ஒரே ராத்திரியில் இந்த நகரத்தில் செத்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்.

நாங்கள் போன அன்று வாசல் முழுக்கப் பொடிசுகள், பட்டுக் கிமோனோவில். மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளை நவம்பர் 15-ஐ ஒட்டிக் கோயிலுக்குக் கூட்டிவந்து ஆசி வாங்குவது வழக்கம். கையில் தங்களைவிட நீளமோ என்று தோன்றும் பையில் குச்சி மிட்டாய். ஒரு குட்டிப்பெண் மரச்செருப்பு கடித்ததில் நடுவழியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அப்பா, கோட்டு சூட்டோடு மண்டியிட்டு, அவளுக்குச் சமமாகத் தலையைத் தாழ்த்தி ரகசியம் பேசுவதுபோல் ஏதோ சொன்னார். அதட்டல் கிடையாது. நான் என் பையனைத் திருவிழாவில் தரதரவென்று இழுத்துப் போனது ஞாபகம் வந்தது.

நூறு யென் (நம் பணத்தில் ஐம்பத்தைந்து ரூபாய்) போட்டு, தகர டப்பாவைக் குலுக்கி, குச்சியில் வந்த எண்ணுக்குரிய இழுப்பறையைத் திறந்தால் பலன் சீட்டு. எனக்கு வந்தது 'கெட்டது'. மாப்பிள்ளை பதறவேயில்லை. அருகிலிருந்த கம்பியைக் காட்டி, "இதுல கட்டிருங்க மாமா, கெட்டது இங்கேயே தங்கிரும்" என்றான். இந்த வசதி நம் ஜோசியர்களிடம் இல்லை.

அன்றைய நாளின் நல்ல விஷயம் அதற்கப்புறம்தான். ஆற்றங்கரையோரமாகக் கொஞ்சதூரம் நடந்தால் மாத்சுச்சியாமா ஷோதென் என்று ஒரு சின்னக் கோயில். உள்ளே இருப்பவர் பிள்ளையார். விக்கிரகத்தை யாருக்கும் காட்டுவதில்லை. படைப்பது கொழுக்கட்டையோ அருகம்புல்லோ இல்லை, முள்ளங்கி! நல்ல முழங்கை நீளத்தில் வெள்ளைவெளேர் என்று. கோயிலில் எங்கு பார்த்தாலும் முள்ளங்கியும் பணப்பையும் செதுக்கியிருக்கிறார்கள். மனைவி ஒரு முள்ளங்கி வாங்கி வைத்து, எல்லோரும் விறைப்பாகத் தலைவணங்கிக்கொண்டிருந்த இடத்தில் மூன்று தோப்புக்கரணம் போட்டாள். பக்கத்தில் நின்ற பாட்டி கண் அகலப் பார்த்துவிட்டு, ஏதோ புரிந்த மாதிரி அவளுக்கும் சேர்த்து ஒருமுறை குனிந்தார். படைத்த முள்ளங்கிகளை வருகிறவர்களுக்குப் பிரசாதமாகத் திருப்பித் தருகிறார்கள். ராத்திரி நிஷி-கசாயில் முள்ளங்கி சாம்பார்.

நவம்பர் 17, ஞாயிறு: ஷின்ஜுகு

மனைவி சுத்த சைவம். இந்த நாட்டில் சைவக்காரர்களுக்கு எதிரி கறி இல்லை, தாஷி. எல்லாக் குழம்புக்கும் அடியில் நிற்கும் சாறு அது. கத்ஸுவோ மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவுகிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலும் இலங்கையிலும் மாசி என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். காய் மட்டும் மிதக்கிற சூப்பிலும் அது இருக்கும். இத்தனைக்கும் 675-ல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்னக்கூடாது என்று சட்டம் போட்ட நாடு. பௌத்தம் வேரூன்றி நூற்றாண்டுக் கணக்கில் கறி ஒதுக்கிய ஊர். 1872-ல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டதை ஊரறியச் சொன்ன பிறகுதான் மேற்கத்திய பாணி வேகமெடுத்தது. ஆனால் மீனை எந்தக் காலத்திலும் யாரும் விடவில்லை.

மனைவியைக் காப்பாற்றியது கோன்பினி எனப்படும் இருபத்துநாலு மணி நேரக் கடை. அங்கே கிடைக்கும் ஒனிகிரி, அதாவது முக்கோணச் சோற்று உருண்டை. நடுவில் உமெபோஷி என்கிற உப்புப் பிளம் வைத்ததைத்தான் அவள் வாங்கினாள். 150 யென்னைச் சுற்றி விலை. கடித்தால் நாரத்தங்காய் ஊறுகாய் வைத்த தயிர்சாதம், தயிர் மட்டும் இல்லை. பிரிப்பதற்கு ஒரு வித்தை இருக்கிறது. மேலிருந்து நடுவாக ஓடும் '1' என்ற நாடாவை ஒரு சுற்று இழுக்க வேண்டும். அப்புறம் '2' மூலையை வலப்பக்கம், '3' மூலையை இடப்பக்கம். சரியாகச் செய்தால் சோறும் அதைச் சுற்றும் கடல்பாசி இலையும் கடைசி நொடியில்தான் ஒன்றையொன்று தொடும், இலை அப்பளம்போல் நொறுங்கும். நான் '2'-இலிருந்து ஆரம்பித்தேன். இலை முழுதும் காகிதத்துக்குள் தங்கிவிட, வெறும் சோறு மடியில் விழுந்தது. பெஞ்சின் மறுமுனையில் இருந்த பள்ளிக்கூடப் பையன் சிரிக்கவில்லை. தன் உருண்டையை எடுத்து, என் பக்கமாகச் சற்றுத் திருப்பி, மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக, பிரித்துக் காட்டினான். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட ஆரம்பித்தான்.

மதியம் நானும் மாப்பிள்ளையும் நகாமுராயா என்ற கடையில் கறிக்குழம்பு சாப்பிட்டோம். இது வெறும் சாப்பாட்டுக் கடை விஷயம் இல்லை. 1912-ல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மேல் வெடிகுண்டு வீசிய சதியில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ் 1915-ல் ஜப்பானுக்குத் தப்பி வந்தபோது, இந்த ரொட்டிக்கடை முதலாளி குடும்பம்தான் ஒளித்து வைத்தது. அந்த வீட்டு மகளையே அவர் மணந்துகொண்டார். 1927-ல் கடையில் இந்தியக் கறிக்குழம்பு அறிமுகமானது அவரால்தான். இந்திய தேசிய ராணுவத்தை நேதாஜி கையில் ஒப்படைத்தவரும் இவரே. கறி எப்படி? எலும்போடு கோழி, நல்ல பதம், காரம் மட்டும் நம் ஊர்க் குழந்தைக்குக் கொடுக்கும் அளவு. இரண்டாயிரம் யென்னை ஒட்டி ஆனது.

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். தெருவில் குப்பைத்தொட்டி கிடையாது. 1995 மார்ச்சில் சுரங்க ரயிலில் விஷவாயு வைத்த பிறகு எடுத்தவை பல திரும்பி வரவேயில்லை. மனைவி காலையில் சாப்பிட்ட வாழைப்பழத் தோல் கைப்பையில் டோக்கியோ முழுதும் எங்களோடு சுற்றிவிட்டு, ராத்திரி வீடு வந்து சேர்ந்தது.

நவம்பர் 18, திங்கள்: புல்லட் ரயில்

கியோட்டோவுக்கு இரண்டே கால் மணி நேரம். ஃபூஜி மலை தெரியும் பக்கமாக ஜன்னல் சீட்டு போட்டுக் கொடுத்திருந்தான். மேகம்தான் தெரிந்தது.

டோக்கியோவில் ஏறும்முன் பெட்டியைத் துடைத்தவர்களில் பலர் என்னைவிடப் பெரியவர்கள். சாலையில் பள்ளம் தோண்டும் இடங்களில் சிவப்பு விளக்குக் குச்சியைப் பிடித்து நம்மை ஓரமாக அனுப்புகிற காவலாளிகளும் எழுபதைத் தாண்டியவர்கள்தான். ஒவ்வொருவருக்கும் குனிந்து, வழியை மறைத்ததற்கு மன்னிப்பும் கேட்கிறார்கள். இந்த நாட்டில் 100 பேரில் 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். மாப்பிள்ளை அலுவலகத்தில் புது ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாம்.

நவம்பர் 19, செவ்வாய்: கியோட்டோ

விடிவதற்குள் ஃபுஷிமி இனாரி. நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரிய தெய்வம், நரி அதன் தூதன். மலை மேல் வரை ஆயிரக்கணக்கில் சிவப்புத் தோரண வாயில்கள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. படத்தில் பார்த்தபோது ஏதோ தியானப் பாதை என்று நினைத்திருந்தேன். ஏறும்போது அப்படித்தான் இருக்கிறது. இறங்கும்போது திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு தூணின் பின்பக்கமும் கறுப்பில் எழுத்து. கம்பெனி பெயர், கொடுத்த தேதி. "உபயம்!" என்றாள் மனைவி. சின்ன வாயில் என்றாலும் லட்சக்கணக்கில் யென். பெரியது பத்து லட்சத்துக்கு மேல். மரம் என்பதால் சில வருஷத்தில் உளுத்துவிடும், புதிது வேண்டும். டியூப்லைட்டின் வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதும் நமக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்தைப் பின்பக்கம் போடும் நாகரிகம் மட்டும் கற்றுக்கொள்ளலாம்.

அடிவாரத்தில் நரிக்குப் பிடித்ததாகச் சொல்லப்படும் பொரித்த டோஃபு (சோயா பனீர்) பைக்குள் சோறு அடைத்து விற்றார்கள். இனிப்பும் புளிப்புமாக இருந்தது. மனைவி நாலு சாப்பிட்டாள். அந்தப் பை தாஷியில் வேகவைத்தது என்று ராத்திரி போனில் மாப்பிள்ளை சொன்னான். அவள் பத்து நிமிஷம் யாரிடமும் பேசவில்லை.

மதியம் நிஜோ கோட்டை. 1603-ல் தொகுகாவா இயேயாசு கட்டியது. தாழ்வாரத்தில் கால் வைத்தால் பலகைக்கடியில் ஆணியும் கொக்கியும் உரசிக் குருவி கத்துவதுபோல் சத்தம். பின்னால் எவன் வந்தாலும் தெரிந்துவிடும் என்று சொல்கிறார்கள். இருநூற்று அறுபது வருஷத்துக்கு மேல் நாட்டை ஆண்ட அவர் வம்சம், 1867-ல் இதே கோட்டையில் பிரபுக்களின் ஆட்களை உட்காரவைத்து அதிகாரத்தைப் பேரரசரிடம் திருப்பித் தருவதாகச் சொன்னது. அந்தக் கூடத்தில் பொம்மைகளைக் குனிய வைத்திருக்கிறார்கள். அடுத்த முப்பது நாற்பது வருஷத்தில் இரும்பு, ரயில், போர்க்கப்பல் என்று பாய்ந்த பாய்ச்சல் இங்கிருந்துதான் கிளம்பியது.

நவம்பர் 20, புதன்: மழை

பழைய பாணி விடுதி. பாய் விரித்த அறை. வாசலில் செருப்பைக் கழற்றி வீட்டுச் செருப்பு, பாய்க்கு முன்னால் அதையும் கழற்ற வேண்டும், கழிப்பறைக்கு என்று தனிச் செருப்பு. அந்தத் தனிச் செருப்போடு நான் பாய் மேல் நடந்து, ஜன்னல் வரை போய், மழையை ரசித்துக்கொண்டிருந்தேன். தேநீர் கொண்டுவந்த விடுதியம்மா என் காலைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் எதுவுமே இல்லை. தேநீரை வைத்துவிட்டுப் போய், வேறு ஒரு ஜோடி செருப்பை என் முன்னால் வைத்து, குனிந்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

நான்சென்-ஜி கோயில் பக்கம் யூதோஃபு சாப்பிட்டோம். தலைக்கு மூவாயிரத்துச் சொச்சம் யென். கடல்பாசி போட்ட வெந்நீரில் மிதக்கும் டோஃபுத் துண்டுகள். சாஸ் வேண்டாம் என்று மாப்பிள்ளை எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி உப்பு மட்டும் வாங்கிக்கொண்டாள். ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு வெந்நீரும் பனீரும். அவளுக்குப் பிடித்திருந்தது, எனக்கு வயிறு நிறையவில்லை. திரும்பும்போது ஐந்நூறு யென்னுக்கு வாங்கிய பிளாஸ்டிக் குடை காற்றில் புரண்டு கம்பி விட்டது.

நவம்பர் 21, வியாழன்: நாரா

710-லிருந்து 784 வரை தலைநகரம். இப்போது மான்கள் ஊர். ஒரு கட்டு மான் பிஸ்கட் 200 யென். கட்டைப் பார்த்ததும் தலையை ஆட்டிக் கும்பிடு போடுகின்றன, தாமதமானால் கடிக்கின்றன. ஒன்று மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "என்னங்க, பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே" என்று அவள் கத்த, நான் போய் விலக்குவதற்குள் இன்னொன்று என் சட்டைப்பையிலிருந்த வரைபடத்தை எடுத்துத் தின்றுவிட்டது.

தோதாய்-ஜி புத்தர் வெண்கலத்தில் பதினைந்து மீட்டர். அவரைச் சுற்றியிருக்கும் மர மண்டபம் இரண்டு முறை போரில் எரிந்து, 1709-ல் முன்பைவிடச் சிறிதாகக் கட்டப்பட்டது. சிறிது என்பதே ஐம்பத்தேழு மீட்டர் அகலம். 752-ல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து சீனா வழியாக வந்த துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீளமாகக் கயிறுகளைக் கட்டி, கீழே கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு. கும்பாபிஷேகத்தில் தண்ணீர் ஒரு துளி மேலே பட்டால் போதும் என்று நாம் அண்ணாந்து நிற்பதுபோல. அந்தத் தூரிகை இன்றும் இருக்கிறது, ஷோசோயின் கருவூலத்தில்.

ஒரு தூணின் அடியில் புத்தரின் நாசித்துவாரம் அளவுக்கு ஓட்டை. அதில் நுழைந்து வெளியே வந்தால் நல்லகதி. பிள்ளைகள் வரிசையில் நின்றன. நான் என் இடுப்பையும் ஓட்டையையும் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

நவம்பர் 22, வெள்ளி: ஹிரோஷிமா

ஸ்டேஷனிலிருந்து டிராம், நகரத்துக்குள் எங்கே இறங்கினாலும் நாங்கள் போன 2024-ல் 220 யென். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்குக் குண்டு விழுந்தது. மூன்றாம் நாளே ஒரு பகுதியில் டிராம் ஓட்டியிருக்கிறார்கள். அன்று தப்பிய வண்டிகளில் சில இன்னும் ஓடுகின்றன.

அருங்காட்சியகத்துக்கு 200 யென்தான். உள்ளே பள்ளிப் பிள்ளைகள் நூறு பேராவது இருந்திருப்பார்கள், ஒரு பேச்சுச் சத்தமில்லை. அந்த ஆண்டு இறுதிக்குள் செத்தவர்கள் சுமார் 1,40,000 என்பது எண். எனக்குக் கால் நின்றது ஒரு டிபன் பாக்ஸ் முன்னால். வேலைக்கு அனுப்பப்பட்ட பள்ளிப் பையனுடையது. அம்மா தேடிப்போய் உடலை அடையாளம் கண்டபோது இதைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தானாம். மூடி நசுங்கியிருக்கிறது. உள்ளே, சோறு இருந்த இடத்தில் கரி. மனைவி பையிலிருந்த ஒனிகிரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்று மதியம் நாங்கள் சாப்பிடவில்லை.

வெளியே நினைவுக் கல்லறையில் ஒரு வரி பொறித்திருக்கிறது. மாப்பிள்ளைக்குப் போட்டோ அனுப்பி அர்த்தம் கேட்டேன். "அமைதியா உறங்குங்க, தவறு திரும்பச் செய்யப்படாது, அப்படின்னு வரும் மாமா" என்றான். யார் செய்த தவறு, யார் செய்யமாட்டார்கள்? "அது வாக்கியத்துல இல்ல. ஜப்பானியத்துல எழுவாயை விட்டுறலாம்." தமிழிலும் விடலாம்தான். ஆனால் 'செய்யமாட்டோம்', 'செய்யமாட்டார்கள்' என்று நம் வினைமுற்றிலேயே ஆள் வந்து உட்கார்ந்துகொள்கிறான், மறைக்க முடியாது. இந்த வரிக்கு 1952-லேயே சண்டை நடந்திருக்கிறது. குண்டு போட்டவன் ஒருவன், தவறு என்று எழுதிக்கொள்பவன் இன்னொருவனா என்று கேட்டவர் ஓர் இந்தியர், நீதிபதி ராதாபினோத் பால்.

அதே பூங்காவில் ஆமை முதுகில் நிற்கும் ஒரு கல்தூண். கொரியர்களுக்கானது. யுத்த காலத்தில் வேலைக்கு இழுத்துவரப்பட்டவர்களும் பிழைக்க வந்தவர்களுமாக ஹிரோஷிமாவில் இருந்த கொரியர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1970-ல் வைத்தபோது பூங்காவுக்கு வெளியேதான் இடம் கிடைத்தது. உள்ளே வந்தது 1999-ல். யாரோ தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ராத்திரி ஒகொனோமியாகி கடை. கோதுமை மாவு தோசை, அதன்மேல் மலையாக முட்டைக்கோஸ், நூடுல்ஸ், முட்டை. யுத்தம் முடிந்து அரிசி இல்லாத காலத்தில் அமெரிக்க உதவி மாவில் வளர்ந்த பண்டம். 'கறி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம்' என்ற சீட்டைப் படித்த கடைக்காரர், நீளமான இரும்புக்கல்லில் ஒரு மூலையைச் சுரண்டி, துடைத்து, மறுபடி சுரண்டி, அதில் மனைவிக்கென்று தனியாகச் சுட்டார். கரண்டியையும் மாற்றினார். எங்களுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லாம் முடிந்து, இவ்வளவு தூரம் வந்தவளுக்கு இன்னும் ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், மேலே ஒரு கைப்பிடி கத்ஸுவோ சீவலை அள்ளித் தூவினார். சூட்டில் அது நெளிந்து ஆடியது. மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். மேல்பக்கத்தை என் தட்டுக்குத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து சாப்பிட்டு முடித்தாள்.

நவம்பர் 23, சனி

டோக்கியோ திரும்பினோம். நாலு மணி நேரத்தில் பாதி தூக்கம். இந்த முறையும் ஃபூஜி இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு: யசுகுனி

அப்பாவின் பெரியப்பா, அதாவது என் தாத்தாவுக்கு அண்ணன், 1936-லோ 37-லோ ஒரு கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கு போனார். பேராக் பக்கம் ரப்பர் தோட்டம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடிதம், ஒரு மணியார்டர். 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியதோடு எல்லாம் நின்றது. சண்டை ஓய்ந்து ஊர் திரும்பிய ஒருவர், "சயாமுக்கு ரயில் போட லாரில ஏத்திட்டுப் போனான். அதுக்கு மேல தெரியாது" என்றாராம். எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். செத்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை. அப்பா எண்பத்து மூன்று வயதிலும் அன்றைக்குக் குளத்தில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார்.

சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்த அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். கைதான வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அறுபதாயிரம் பேருக்கு மேல், அதில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் செத்தார்கள். அவர்களுக்குப் பெயரும் கல்லறையும் இருக்கின்றன. மலாயாத் தோட்டத் தமிழர்களும் பர்மியர்களும் மற்றவர்களுமாக அதைவிடப் பல மடங்கு பேர், காலராவிலும் பட்டினியிலும் போனவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை.

யசுகுனி கோயில் 1869-ல் வந்தது. போரில் செத்தவர்கள் 24 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கே தெய்வம். 1978-ல் டோக்கியோ விசாரணையின் முதல்தரப் போர்க்குற்றவாளிகள் பதினான்கு பேரையும் சேர்த்ததிலிருந்து இந்த வாசலில் எந்த மந்திரி கால் வைத்தாலும் சீனாவும் கொரியாவும் கொதிக்கும். நாங்கள் போனபோது அதெல்லாம் எதுவும் கண்ணில் படவில்லை. வழி நெடுக கிங்கோ மரங்கள், தங்க மஞ்சள். இலை உதிர்வதைப் பிடிக்கப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கவாட்டில் ஒரு நினைவுக்கல்லில் தெரிந்த இந்திய முகம். அதே ராதாபினோத் பால். அந்த விசாரணையில் குற்றம்சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவிக்கச் சொன்ன ஒரே நீதிபதி. 2005-ல் வைத்திருக்கிறார்கள்.

யூஷூகான் அருங்காட்சியகத்தின் முன்கூடத்துக்குக் கட்டணம் கிடையாது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ஒரு போர் விமானம், அப்புறம் இன்ஜின்.

சி56, எண் 31. நான் பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். சின்ன இன்ஜின், லேசான தண்டவாளங்களுக்கென்று செய்தது. 1936-ல் பிறந்து ஜப்பானில் கிளைப்பாதை ஒன்றில் ஓடிக்கொண்டிருந்ததை யுத்தத்துக்குத் தெற்கே அனுப்பினார்கள். இந்த வகையில் மொத்தம் தொண்ணூறு போயிருக்கின்றன. சயாம்-பர்மாப் பாதை திறந்த அன்று அங்கே நின்றது இதுதான். யுத்தத்துக்கப்புறம் தாய்லாந்து ரயில்வேயில் முப்பது வருஷம் உழைத்துவிட்டு, 1979-ல் ஊர் திரும்பியது. இன்ஜின் திரும்பிவிட்டது.

கறுப்பு வண்ணம் கண்ணாடிபோல் மின்னியது. சக்கரத்தின் ஆரங்களில் தூசி இல்லை. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு பெரியவர், எழுபத்தைந்து இருக்கலாம், கொஞ்ச நேரம் எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, குனிந்து, என் போனையும் எங்கள் இருவரையும் இன்ஜினையும் மாறிமாறிக் காட்டினார். சேர்ந்து நில்லுங்கள், எடுத்துத் தருகிறேன் என்கிறார். அவ்வளவு நல்ல முகம்.

"என்னங்க, நிக்கணுமா?" என்றாள் மனைவி.

"சொத்தோ…" என்று அவரிடம் சொன்னேன். அதற்குமேல் எனக்கு ஜப்பானியம் தெரியாது.

அவர் கை அப்படியே தாழ்ந்தது. ஏன் என்று கேட்கவில்லை. இன்ஜினை ஒருமுறை பார்த்தார், எங்களுக்கு முன்பைவிட ஆழமாகக் குனிந்தார், விமானத்தைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

மரத்தடிக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே காலை எட்டு மணி இருக்கும்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேம்ப்பா."

"என்ன கலர்ல இருக்கு?"

"கறுப்பு."

"ஓடுதாடா?"

"இல்லப்பா, நிக்குது."

கொஞ்ச நேரம் பின்னால் ரேடியோ சத்தம் மட்டும் கேட்டது. "சரி, அங்க குளிரும். அவளைக் காதைக் கட்டிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.